எட்டு நாளும் பறக்க வேண்டும்

எட்டு நாள் கிளைடர் போட்டிக்கு வருகிறவன் முதலில் தூங்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கிளப்பில் இருந்த ஜெர்மன் பெரியவர் ஒருவர் சொன்னார். அது 1993 பிப்ரவரி. ஆஸ்திரேலியாவில், மெல்போர்னுக்கு வடமேற்கே சுமார் 300 கிலோமீட்டரில் இருக்கும் ஹார்ஷம் என்ற ஊர். எனக்கு அது முதல் போட்டி. வயதானவர் பேச்சு என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் நான்கு நாளும் நள்ளிரவு வரை வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் நாள் பிற்பகல் நான்கு மணி இருக்கும். வாரக்னபீல் என்ற ஊருக்கு வடக்கே 6,000 அடியில் இருந்தேன். போக வேண்டிய பாதையின் மேலேயே, கண்ணெதிரே, கீழே காற்று ஏறுகிறது என்று காட்டும் நல்ல மேகம் ஒன்று நின்றது. நான் எஞ்சின் இல்லாத என் கிளைடரை அதற்கு எதிர்ப்பக்கம் திருப்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றும் சொல்லத் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அரை மணி நேரத்தில் கோதுமை அறுத்த வயல் ஒன்றில் இறங்கி நின்றேன். பட்டியலில் நான்காவதாக இருந்தவன் பதினைந்தாவது இடத்துக்குப் போனேன்.

அதற்குப் பிறகு 2019 வரை, இரண்டு மூன்று ஆண்டுகள் தவிர, ஒவ்வொரு கோடையிலும் போட்டியில் பறந்தேன். என்னைவிட வேகமாகப் பறக்கத் தெரிந்தவர்கள் எந்த ஆண்டிலும் பத்துப் பேராவது இருப்பார்கள். ஆனாலும் போட்டியின் முடிவில் முதல் ஐந்து பேருக்குள் என் பெயர் பலமுறை வந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். சித்திரை வெயிலில் உழுது போட்ட கரிசலில் சுழிக்காற்று எழும்பும். சருகும் புழுதியும் தூணாகச் சுற்றிக்கொண்டு போகும். அதற்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு பருந்து இறக்கை அசைக்காமல் வட்டமிடும். கீழே இருக்கும் சுழிக்கும் மேலே இருக்கும் பருந்துக்கும் தொடர்பு உண்டு என்பது எனக்கு இருபத்தாறு வயதில்தான் தெரிந்தது. வேலைக்காகப் புனே போயிருந்தேன். அங்கே ஹடப்சரில் அரசு கிளைடிங் மையம் இருந்தது. ரோகிணி என்ற மரக் கிளைடரில் ஏற்றினார்கள். இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்தது அது. ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். தரையில் நிற்கும் வின்ச் கம்பியால் இழுத்து மேலே விடும், சில நிமிடத்தில் இறங்கிவிடுவோம். ஒரு நாள் இறங்கவில்லை. ஆசிரியர் கிளைடரைச் சாய்த்து வட்டமிட, தரை கீழே போய்க்கொண்டே இருந்தது. எஞ்சின் இல்லாத ஒன்றில் உட்கார்ந்துகொண்டு நாற்பது நிமிடம் மேலே இருந்தோம். அன்றே முடிவாகிவிட்டது.

1989-இல் குடும்பத்தோடு மெல்போர்ன் வந்தேன். ஹார்ஷமைச் சுற்றியுள்ள விம்மெரா சமவெளியை முதன்முதலில் மேலிருந்து பார்த்தபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. காரணம் மண். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் அதே கரிய களிமண். அங்கே பருத்தியும் கம்பும், இங்கே கோதுமையும் பார்லியும் மைசூர்ப் பருப்பும் கொண்டைக்கடலையும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஓர் ஊர், அந்த ஊருக்கு ஒரு ரயில் நிறுத்தம், அதன் பக்கத்தில் தானியம் கொட்டி வைக்கும் உயரமான வெள்ளை சைலோ. எங்களுக்கு வழிகாட்டிகள் இந்த சைலோக்கள்தான். 2016-இல் பிரிம் என்ற சிற்றூரின் சைலோவில் கைடோ வான் ஹெல்டன் என்ற ஓவியர் நான்கு விவசாயிகளின் உருவங்களை வரைந்தார். அதைப் பார்க்க இப்போது ஊர் ஊராக மக்கள் வருகிறார்கள். நாங்கள் அதற்கு முன்பே இருபது ஆண்டுகளாக அந்த சைலோவைத் தேடிக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தவர்கள்.

போட்டி நாள் ஒன்று எப்படிப் போகும் என்று சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்கு டிரெய்லரிலிருந்து கிளைடரை எடுத்து, இறக்கைகளைப் பூட்டி, இணைப்புகளில் டேப் ஒட்டி, முந்தின நாள் இறக்கையின் முன்விளிம்பில் அப்பிக்கொண்ட பூச்சிகளை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். செத்த பூச்சி என்ன செய்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். முன்விளிம்பு சொரசொரப்பானால் கிளைடர் சறுக்கும் தூரம் கண்கூடாகக் குறையும். பத்து மணிக்கு பிரீஃபிங். வானிலையாளர் அன்றைய வெப்பநிலை எத்தனை மணிக்கு எத்தனை டிகிரியைத் தொட்டால் தெர்மல் கிளம்பும் என்று சொல்வார். தரை சூடாகி மேலெழும் காற்றுத்தூணைத்தான் தெர்மல் என்கிறோம். அதில் வட்டமிட்டு உயரம் சேர்ப்பது, சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த தெர்மல் வரை நேராகப் போவது, மறுபடி வட்டமிடுவது. 300 கிலோமீட்டரும் இதேதான். எந்தெந்த ஊரைச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்று தாளில் கொடுப்பார்கள். நண்பகலில் எல்லாக் கிளைடர்களும் ஓடுபாதையில் வரிசையாக நிற்கும். இழுவை விமானம் ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டி 2,000 அடிக்கு இழுத்துப் போய் விடும். கடைசி ஆள் மேலே வந்து சிறிது நேரம் கழித்துத்தான் தொடக்கக் கோட்டைத் திறப்பார்கள். அதன் பிறகு எப்போது புறப்படுவது என்பது அவரவர் இஷ்டம்.

அன்றைக்கு முதலாவதாக வருகிறவருக்கு 1,000 புள்ளி. மற்றவர்களுக்கு வேகத்துக்கு ஏற்பக் குறையும். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் பிந்தினால் போவது சொற்பப் புள்ளி. ஊர் வந்து சேராமல் நடுவில் வயலில் இறங்கினால் வேகப் புள்ளி மொத்தமும் போய்விடும், வந்த தூரத்துக்கு மட்டும்தான் கணக்கு. எட்டு நாள் கூட்டிப் பார்த்தால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று தெரியும். சுமாராகப் பறந்து எட்டு நாளும் வீடு திரும்பியவன், மூன்று நாள் முதலாவதாக வந்து ஒரு நாள் வயலில் இறங்கியவனைத் தாண்டிப் போய்விடுவான். ஆஸ்திரேலியாவின் இங்கோ ரென்னர் நான்கு முறை உலகப் போட்டியை வென்றவர். நான் பறக்க வந்த காலத்தில் முர்ரே ஆற்றங்கரையில் டோகும்வால் என்ற ஊரில் இருந்தார். அவருடைய நாள்வாரிப் பட்டியல்களை எங்கள் ஜெர்மன் பெரியவர் எனக்கு எடுத்துக் காட்டி, முதல் இடங்களை விட்டுவிடு, மோசமான நாள் எத்தனை என்று மட்டும் எண்ணிப் பார் என்றார்.

கேமரா காலத்தில் நான் தொடங்கினேன். திரும்பும் ஊருக்குப் போனதற்கு ஜி.பி.எஸ். சாட்சி அப்போது கிடையாது. விதானக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய கேமராக்களைத் தாங்கியில் பொருத்தி, முத்திரை வைத்திருப்பார்கள். சைலோவைத் தாண்டிப் போய், சரியான கோணத்துக்குள் வந்ததும் இறக்கையை நன்றாகச் சாய்த்து, இறக்கை முனையும் சைலோவும் ஒரே படத்தில் விழும்படி இரண்டு கேமராவையும் அழுத்த வேண்டும். ராத்திரி யாராவது ஒருவர் இருட்டறையில் அத்தனை பேருடைய ஃபிலிமையும் கழுவிக்கொண்டிருப்பார். காலையில்தான் முடிவு தெரியும். 1994-இல் ஒரு நாள் நான் இரண்டாவதாக வந்தேன் என்ற நினைப்போடு படுத்தேன். காலையில் நடுவர் கூப்பிட்டு நெகட்டிவை விளக்கு மேஜையில் வைத்துக் காட்டினார். சைலோவின் நிழல் விழுந்த திசையைப் பார்த்தாலே தெரிந்தது. கோணத்துக்கு வெளியே நூறு மீட்டரோ என்னவோ. அந்தத் திருப்பம் கணக்கில் இல்லை, அதற்குப் பிறகு நான் பறந்த 200 கிலோமீட்டரும் கணக்கில் இல்லை. இருபது நொடி கூடுதலாக நேரே போயிருந்தால் போதும். அந்த நெகட்டிவை அவரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது. 1990களின் நடுவில் ஜி.பி.எஸ். பதிவுக் கருவிகள் வந்து கேமராவை ஓரம்கட்டின. திரும்பும் புள்ளியைச் சுற்றி அரை கிலோமீட்டர் வட்டம், அதைத் தொட்டால் போதும். ஆனால் இருபது நொடி கூடுதலாகப் போகும் பழக்கத்தை நான் விடவில்லை.

புறப்படும் நேரம் ஒரு தனிக் கலை. கோடு திறந்தவுடன் ஓடுகிறவனுக்கு முன்னால் யாரும் இல்லை, தெர்மலை அவனே தேட வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துப் போகிறவனுக்கு முன்னால் இருபது கிளைடர்கள் வட்டமிட்டு, இங்கே காற்று ஏறுகிறது என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே எல்லோரும் காத்திருப்பார்கள். யாரும் முதலில் போக மாட்டார்கள். காத்திருந்து காத்திருந்து மூன்று மணியாகி, மாலை ஆறரைக்குத் தெர்மல் அடங்கி, கும்பலாக வயலில் இறங்கிய நாட்களையும் பார்த்திருக்கிறேன். நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். பாதை எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு மணி நேரம் கூட்டி, தெர்மல் அடங்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். அந்த நேரம் வந்ததும் யார் நின்றாலும் நான் போய்விடுவேன்.

2006-இல் ஆறாவது நாளை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. ஹார்ஷமிலிருந்து நில், அங்கிருந்து ஹோப்டவுன், டொனால்ட், திரும்ப ஹார்ஷம், சுமார் 320 கிலோமீட்டர். அப்போது என்னிடம் எல்.எஸ்.4 ரகக் கிளைடர் இருந்தது. ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அசையாத காற்றில் 40 கிலோமீட்டர் சறுக்கும். நான் மூன்றாவது இடத்தில் இருந்தேன். வெயில் 38 டிகிரி, வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. மேகம் இல்லாத நாளில் தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. நில்லுக்குப் போகும் வழியில் இடது பக்கம் லிட்டில் டெசர்ட். பெயர்தான் பாலைவனம், உண்மையில் மல்லி என்ற யூக்கலிப்டஸ் புதர் அடர்ந்த காடு, இறங்க ஓர் இடம் கிடையாது. அதன் ஓரமாகவே போனோம். நில்லுக்கும் ஹோப்டவுனுக்கும் நடுவே பாதை ஹிண்ட்மார்ஷ் ஏரியின் மேல் போகிறது. நீண்ட வறட்சியில் ஏரி வெறும் தரையாகக் கிடந்தது. அதன் மேலேயே 7 நாட் கிடைத்தது. ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் எங்கள் வேரியோ மீட்டரில் ஒரு நாட் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 அடி. அதாவது நிமிடத்துக்கு 700 அடி மேலே போய்க்கொண்டிருந்தோம். (2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு அதே ஏரியில் தண்ணீர் நின்றபோது அந்தப் பக்கமே போக முடியவில்லை. ஏரி மேல் காற்று செத்துக் கிடக்கும், காற்றடிக்கும் திசையில் கரை தாண்டியும் சில கிலோமீட்டருக்கு அப்படியே.)

டொனால்டைச் சுற்றியபோது மணி ஐந்தரை. நான் எதிர்பார்த்தது இன்னொரு 6 நாட். பால் மெக்ரெடி 1956-இல் உலகப் போட்டியை வென்ற அமெரிக்கர். பிற்காலத்தில் மனித உடல்பலத்தால் பறக்கும் விமானத்தைச் செய்தவரும் அவரே. அடுத்த தெர்மல் எவ்வளவு பலமாக இருக்கும் என்று எதிர்பார்க்கிறாயோ அதற்கேற்ற வேகத்தில் நடுவில் போ என்பது அவர் கணக்கு. எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறோம். எதிர்பார்ப்பு தவறினால் கணக்கும் தவறும் என்பதுதான் சங்கடம். 6 நாட் கிடைக்கும் என்று வேகமாகப் போனேன். கிடைக்கவில்லை. மின்யிப் ஊருக்குப் பக்கத்தில் வந்தபோது 1,400 அடி. இறங்க வேண்டிய வயலைத் தேர்ந்துவிட்டேன். சக்கரத்தைக் கீழே இறக்கக் கை போனது.

வயலுக்கு மறுபுறம் பயிரிடாமல் விட்டிருந்த கரிய நிலம். அதன் மூலையில் மெல்லிதாகப் புழுதி சுற்றியது. அதற்கு மேலே, எனக்குச் சமமான உயரத்தில், ஆப்பு போன்ற வால் கொண்ட பெரிய கழுகு ஒன்று. இறக்கை விரித்தால் இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். கழுகு ஒரு பக்க இறக்கையின் நுனி இறகுகளை விரல் போல விரித்து, உள்ளே சாய்ந்தது. நானும் அதற்கு எதிர்முனையில் சாய்ந்தேன். வேரியோ ஊசி பூஜ்யத்தைத் தொட்டு, ஒன்று, ஒன்றரை, இரண்டில் நின்றது. வெறும் 2 நாட். அன்று பகலெல்லாம் நாங்கள் சட்டை செய்யாமல் தாண்டிப் போன காற்று அது. எனக்கு முன்பே வேறு இரண்டு கிளைடர்கள் அதில் மேலே சுற்றிக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் இரண்டும் பலமான தெர்மலைத் தேடி ஹார்ஷம் பக்கம் கிளம்பிப் போய்விட்டன. நான் போகவில்லை. பதினேழு நிமிடம் அந்த ஒரே இடத்தில் சுற்றினேன். கழுகு பாதியில் போய்விட்டது. 4,900 அடி வந்ததும், 44 கிலோமீட்டருக்கு இது போதும், 500 அடி மிச்சமிருக்கும் என்று கணக்குப் பார்த்துக் கிளம்பினேன். முர்ட்டோவாவில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோதுமை கொட்டி வைக்கக் கட்டிய பிரமாண்டமான தகரக் கொட்டகை இருக்கிறது, 270 மீட்டர் நீளம். மாலை வெயிலில் அதன் கூரை வெள்ளித் தகடாக மின்னியது. அதைத் தாண்டி நாலாவது கிலோமீட்டரில் ஒரு வயலில் வெள்ளைச் சிலுவை போல ஒரு கிளைடர். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. என்னை விட்டுப் போன இருவரும்தான்.

அன்றைய பட்டியலில் நான் ஏழாவது. மொத்தக் கணக்கில் மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தேன். முதல் நாளாக இருந்தால் அந்த இருவரும் 2 நாட் காற்றில் பொறுமையாகச் சுற்றியிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இருவரும் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஆறாவது நாள், 38 டிகிரியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நான்கு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, மனம் சீக்கிரம் முடித்துவிடத் துடிக்கும். அந்தத் துடிப்பு களைப்பின் வேலை. அந்த நேரத்தில் அது துணிச்சல் போலத் தெரியும். ஒன்பதரைக்கு விளக்கை அணைப்பது, தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிப்பது, சாயங்காலம் மற்றவர்களோடு அன்றைய பறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்காமல் குளித்துச் சாப்பிடுவது, எல்லாம் அந்தப் பதினேழு நிமிடத்துக்காக.

வயலில் இறங்குவதைப் பற்றி. என் கணக்கில் நாற்பத்தொரு முறை இறங்கியிருக்கிறேன். இந்தப் பகுதியில் பெரிய ஆபத்து ஒற்றைக் கம்பி மின்சாரம். பண்ணை வீடுகளுக்கு ஒரே ஒரு கம்பியில் மின்சாரம் கொண்டுபோவார்கள், மறுமுனையாக பூமியையே பயன்படுத்துவார்கள். கம்பத்துக்குக் கம்பம் வெகு தூரம். மேலிருந்து கம்பி தெரியவே தெரியாது. கம்பத்தைத்தான் தேட வேண்டும், கம்பம் எங்கே போகிறது என்று பண்ணை வீட்டிலிருந்து தொடங்கிக் கண்ணால் இழுத்துப் பார்க்க வேண்டும். 1997-இல் நான் இறங்க முடிவு செய்த வயலின் குறுக்கே ஒரு கம்பி போனது. 300 அடியில் வந்த பிறகுதான், சாய்ந்த வெயிலில் ஒரு மயிர்க்கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே போக இடம் இருந்தது, போனேன். இறங்கி நின்ற பிறகு வெகு நேரம் விதானத்தைத் திறக்கவில்லை. முன்பு 1,000 அடி வரை மேலேயே தொங்கிக்கொண்டிருந்து பிறகு வயல் தேடுவேன். அன்றிலிருந்து 1,500 அடியில் வயல் முடிவாகிவிட வேண்டும், 800 அடிக்குக் கீழே எந்தத் தெர்மல் கிடைத்தாலும் வட்டமிடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இதனால் சில நாட்கள் புள்ளி போயிருக்கிறது. போகட்டும்.

அன்று இறங்கிய வயல் மைசூர்ப் பருப்பு அறுத்த வயல். பருப்புச் செடி குட்டை, தரையை ஒட்டி அறுப்பார்கள், வயல் துடைத்து வைத்தது போல இருக்கும். கிளைடர் இறங்க அதைப் போன்ற இடம் வேறில்லை. பண்ணைக்காரர் வண்டியில் வந்தார். என் நிறத்தைப் பார்த்துவிட்டு எந்த ஊர் என்று கேட்டார், சொன்னேன். இந்த வயலில் விளைந்தது உங்கள் பக்கம்தான் கப்பலில் போகிறது, போன ஆண்டு கொழும்புக்குப் போனது என்றார். வீட்டுக்கு அழைத்துப் போய்த் தேநீர் கொடுத்தார். எங்களிடம் கைபேசி இல்லாத காலம். அவர் வீட்டுத் தொலைபேசியிலிருந்து விமானத்தளத்துக்குச் சொல்லி, அங்கிருந்து என் மனைவிக்குத் தகவல் போய், டிரெய்லரோடு அவள் வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது. எட்டு மீட்டருக்கு மேல் நீளமான டிரெய்லரை மண் சாலையில் எதிர்த்திசையில் பின்னுக்கு எடுத்துத் திருப்பி நிறுத்திவிட்டு இறங்கி வந்தாள். “சாப்பிட்டீங்களா? டார்ச் எங்க, முதல்ல வால் பகுதியக் கழட்டலாம்” என்றாள். மின்கம்பி விஷயத்தை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

துணைக்கு வருகிறவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது. இறக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடுவது, தண்ணீர் நிரப்புவது, ராத்திரியில் 150 கிலோமீட்டர் போய் வயலில் கிடப்பவனைக் கூட்டி வருவது எல்லாம் அவர்கள்தான். காய்ந்த பயிர்த்தாளில் காரை விடக் கூடாது, சூடான புகைக்குழாய் பட்டால் தீப்பிடித்துவிடும் என்பதையும் அவர்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். 2009 பிப்ரவரி 7, கறுப்புச் சனிக்கிழமை, விக்டோரியாவில் காட்டுத்தீயில் 173 பேர் மாண்டார்கள். ஹார்ஷமை ஒட்டியும் அன்று எரிந்தது. அதன் பிறகு எங்கள் டிரெய்லர்கள் வயல் கேட்டுக்கு வெளியேதான் நிற்கும். இறக்கைகளைக் கையில் தூக்கிக்கொண்டு நடப்போம்.

ஒரே தெர்மலில் இருபது கிளைடர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றுவது கீழிருந்து பார்க்க அழகு. உள்ளே இருப்பவனுக்குக் கழுத்து வலிக்கும் வரை தலை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். என் நேர் கீழே இருப்பவனை நான் பார்க்க முடியாது, அவனும் என்னைப் பார்க்க முடியாது. நான் கலந்துகொண்ட ஒரு போட்டியில், எனக்கு 1,000 அடி மேலே இரண்டு கிளைடர்கள் மோதின. ஒருவர் பாராசூட்டில் இறங்கினார். இன்னொருவர் இறங்கவில்லை. அன்று காலை என் பக்கத்தில் நின்று இறக்கைக்கு டேப் ஒட்டியவர் அவர், என்னிடம்தான் கத்தரிக்கோல் வாங்கினார். மறுநாள் பறக்கலாமா வேண்டாமா என்று கேட்டார்கள். பாதிப் பேர் பறந்தார்கள். நான் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 2004-இல் சுவிட்சர்லாந்தில் ஃபிளார்ம் என்ற கருவியை உருவாக்கினார்கள். பக்கத்துக் கிளைடர் எங்கே இருக்கிறது, மோதப் போகிறதா என்று அதில் தெரியும். விலை குறைந்து எங்கள் கைக்கு வந்த நாளிலேயே வாங்கிப் பொருத்தினேன். இந்த முப்பது ஆண்டுகளில் வந்த மாற்றங்களில் நான் மனதார வரவேற்ற ஒன்று அது. ஆனாலும் அது கூவட்டும் என்று காத்திருந்து தலையைத் திருப்பாமல் இருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. கருவி பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரி தீரும்.

நிலமும் மாறிவிட்டது. முன்பு அறுவடைக்குப் பிறகு உழுது போட்ட கரிய வயல்கள் சதுரம் சதுரமாக இருக்கும், அவற்றின் மேல் நம்பிப் போகலாம். இப்போது பெரும்பாலோர் உழுவதில்லை, தாளை நிற்கவிட்டு அதற்கிடையிலேயே விதைக்கிறார்கள். மண்ணுக்கு அது நல்லது. எங்களுக்குத் தெர்மல் எங்கே பிறக்கும் என்று ஊகிப்பதுதான் கடினமாகிவிட்டது. நான் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பல குறிப்புகள் அப்படிச் செல்லாமல் போயின. ஹார்ஷமுக்கு வடக்கே முர்ரா வர்ராவில் காற்றாலைகள் வந்துவிட்டன. தாழ்வாக வரும்போது அந்தப் பகுதியை விலக்கித்தான் பாதை போட வேண்டும். பின்னால் சிறிய எஞ்சினை மடக்கி வைத்த கிளைடர்களும் பெருகிவிட்டன. இறங்க நேர்ந்தால் எஞ்சினை எடுத்து ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம். போட்டிக் கணக்கில் அது வயலில் இறங்கியதாகவே வைக்கப்படும். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எஞ்சின் கிளம்பும் என்ற நம்பிக்கையில் வயல் பார்க்காமல் காட்டின் மேல் போகிறவர்கள் உண்டு. எஞ்சின் கிளம்பாத நாள் என்று ஒன்று வரும். அதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை.

2019-இல் என் கடைசிப் போட்டி. ஏழாவது நாள் பிரீஃபிங்கில் உட்கார்ந்திருந்தபோது அன்றைய பாதைத் தாளை இரண்டு முறை படித்தும் மனதில் நிற்கவில்லை. வரிசையில் நின்றிருந்த கிளைடரைப் பின்னால் இழுத்துவந்து டிரெய்லரில் ஏற்றினேன். என் மகன், “ஏன்ப்பா, வானம் நல்லாத்தானே இருக்கு?” என்றான். அவனுக்கு அன்று நான் சொன்ன காரணம் வேறு. இப்போது அவன் பறக்கிறான், நான் டிரெய்லர் இழுக்கிறேன். 2 நாட் கிடைத்தால் விட்டுப் போகாதே என்று வானொலியில் சொல்ல விதி இடம் கொடுப்பதில்லை, ஆகவே காலையிலேயே சொல்லி அனுப்புகிறேன்.

மெல்போர்னிலும் அடிலெய்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளில் சிலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள் என்பதில் எனக்கு மகிழ்ச்சி. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உரிமம் கிடைத்த கையோடு போட்டிக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். முதல் ஆண்டு யாருக்காவது துணையாளாக வாருங்கள். எட்டு நாளும் இருங்கள், பூச்சி துடையுங்கள், ராத்திரி வயலுக்கு வாருங்கள், ஆறாவது நாள் இறங்கி வருகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். ஹார்ஷமில் ஒவ்வொரு பிப்ரவரியும் டிரெய்லர் இழுக்க ஆள் குறைவாகத்தான் இருக்கிறது.